எண்பதில் போகும் ரேஸ் கார்

சுவிஸில் வில் என்ற நகரத்தில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில், எங்களுக்கு மேல்மாடியில் இருந்த அண்ணையிடம் ஒரு ரேஸ் கார் இருந்தது. ரேஸ் கார் என்பது அவர் வைத்த பெயர். உண்மையில் அது யாரோ ஒரு சுவிஸ் இளைஞன் ஆசைப்பட்டு மாற்றியமைத்து, பிள்ளை பிறந்ததும் விற்றுவிட்ட பழைய மஞ்சள் கார். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரும்புக் குழாய்களால் கூண்டு மாதிரி ஒன்றைப் பூட்டியிருந்தார்கள். பின்பக்கம் ஒரு சிறகு. முன்னால் இரண்டே இரண்டு இருக்கைகள். அவற்றில் உட்காருவது வாளிக்குள் இறங்குவது போல. சேலை கட்டிய பெண் அதில் ஏறுவதென்றால் முதலில் மானத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும். அதனால் அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், கோயிலுக்கும் கொண்டாட்டங்களுக்கும் எங்கள் காரில்தான் வருவார். அண்ணை முன்னால் தனியே போவார்.

தனியே என்றும் சொல்ல முடியாது. அவருக்குப் பின்னால் எப்போதும் ஒரு சின்ன ட்ரெய்லர் வரும்.

காசு கட்டினால் யார் வேண்டுமானாலும் தங்கள் சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கலாம் என்று சில நாட்கள் விடுவார்கள். அண்ணை அதற்காக எல்லை தாண்டி பிரான்ஸுக்குப் போவார். தடத்தில் ஓட வேறு ரயர்கள் வேண்டும். அந்த ரயர்களோடு தெருவில் ஓட முடியாது, காருக்குள் வைக்கவும் இடமில்லை. ஆகவே ரயர்கள், காரை உயர்த்தும் ஜக், மடக்குக் கதிரை, அக்கா அவித்துக் கொடுத்த புட்டு எல்லாம் ட்ரெய்லரில் ஏறி, மேலே பச்சைப் படங்கு கட்டப்படும். அந்தப் பழைய ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு ஆட்டோபான் நெடுஞ்சாலையில் மணிக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல் போகச் சட்டம் விடாது. வேகத்துக்காகக் கார் வாங்கிய மனிதர், அந்த வேகத்தைத் தேடிப் போன வழியெல்லாம் லொறிகளுக்குப் பின்னால் போனார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சுற்றுலா பஸ்கள் அவரை முந்தும்போது பிள்ளைகள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கையசைப்பார்கள். அவர் திரும்பியும் பார்க்கமாட்டார்.

நாங்கள் வில் நகரத்தை விட்டு வந்து சில வருடங்களாகிவிட்டன. இப்போதும் லொறிக்குப் பின்னால் ஒரு மஞ்சள் நிறம் தெரிந்தால் நான் என்னை அறியாமல் வேகத்தைக் குறைத்துவிடுகிறேன்.

என் கணவர் ஒரு தடவை அவரோடு அந்தத் தடத்துக்குப் போய் வந்தார். தெருவில் எண்பது, தடத்திலாவது பறப்பாராக்கும் என்று நினைத்திருந்தாராம். அண்ணை தலைக்கவசம் போட்டு, நாலு பட்டிகளால் தன்னைக் கட்டிக்கொண்டு, பாலர் பாடசாலை வாசலைக் கடக்கிறவர் போல ஓடினாராம். பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிடச் சொல்லி நீலக்கொடி ஆட்டியவனுக்குக் கை வலித்திருக்கும் என்றார் என் கணவர். வெள்ளைத் தலைமுடியோடு ஒரு பிரெஞ்சுக்காரி அவரை நாலைந்து தடவை முந்திப் போனாளாம். வெளியே வந்ததும் ஏன் அண்ணை மெதுவாக ஓடினீர்கள் என்று கேட்டதற்கு, ரயர் சூடாக வேண்டும், அதுவரை வேகம் எடுக்கக்கூடாது என்றாராம். பின்னேரம் தடத்தை மூடும்வரை ரயர் சூடாகிக்கொண்டே இருந்திருக்கிறது.

இதெல்லாம் சின்ன விஷயம். அண்ணையின் பெரிய விஷயம் வேறு. தான் செய்தது பிழை என்று அவர் வாயில் ஒருநாளும் வராது. "பிழை எண்டு சொல்லாதை தங்கச்சி, வேறை வழி எண்டு சொல்லு" என்பார்.

கோயில் அன்னதானத்துக்கு ஒரு பெரிய அண்டா வேண்டியிருந்தது. ட்ரெய்லரில் அண்டா கொள்ளாது என்று எல்லோரும் சொன்னார்கள். கொள்ளும் என்றார். அண்டா கொண்டது, படங்கு மூடவில்லை. வழியில் மழை. கோயில் வாசலில் வந்து இறங்கியபோது அண்டாவில் பாதிக்கு மழைத்தண்ணீர் நின்றது. ஐயர் எட்டிப் பார்த்தார். "கழுவுற வேலை மிச்சம்" என்றார் அண்ணை.

அவருக்கு ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுக்கத் தெரியாது என்பதை நான் கண்டுபிடிக்கவே வெகுகாலம் பிடித்தது. சின்ன ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுப்பது கஷ்டம்தான். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் அது மறுபக்கம் போகும். நீளம் குறைந்ததென்றால் சட்டென்று மடிந்து காரோடு வந்து இடிக்கும். அண்ணையின் பதிந்த காருக்குள் இருந்து பார்த்தால் சிறகு தெரியும், கூண்டு தெரியும், ட்ரெய்லர் தெரியாது. தெரியாது என்றால் நாலு நாள் பழகலாம். அவர் பழகவில்லை. அதற்குப் பதிலாகத் தன் வாழ்க்கையையே முன்னுக்கு மட்டும் போகிற மாதிரி அமைத்துக்கொண்டார். கடைக்குப் போனால் நேரே நுழைந்து நேரே வெளியேறக்கூடிய இடம் கிடைக்கும்வரை சுற்றுவார். குப்பை கொடுக்கும் இடத்தில் வரிசை தப்பினால் ஊரைச் சுற்றி மறுபடி வருவார். வீட்டுக்கு வந்ததும் ட்ரெய்லரைக் காரிலிருந்து கழற்றி, கையால் தள்ளிக்கொண்டுபோய்ச் சுவரோடு விடுவார். ஏன் என்று கேட்டேன். உடம்புக்கு நல்லது என்றார். இன்னொருநாள் கேட்டபோது, "ட்ராக்கிலை ஆரும் ரிவேர்ஸ் எடுக்கிறதில்லை தங்கச்சி" என்றார். அது உண்மைதான்.

திரும்பிப் போகாத இந்தக் குணத்தால் நாங்கள் எல்லோரும் ஒருதரம் நன்றாகப் பட்டோம். சூரிச்சில் அவருடைய மச்சானின் மகளுக்குக் கல்யாணம். வில்லிலிருந்து மூன்று கார்களில் போனோம். ட்ரெய்லரில் பலகாரத் தட்டங்களும் மாலைகளும் இருந்தன. எனக்குப் பின்னால் வாருங்கள் என்று அண்ணை முன்னால் போனார். விண்டர்தூரில் ரோடு பிரியும் இடத்தில் அவர் சூரிச் வழியை விட்டுவிட்டுச் சாஃப்ஹவுசன் பக்கம் திரும்பினார். நாங்களும் திரும்பினோம். என் கணவர் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தார். மற்றக் கார்க்காரர் அண்ணைக்குப் போன் எடுத்தார். அண்ணை எடுக்கவில்லை. திரும்புவதற்கு வழிகள் வந்தன, போயின. மாலைகள் அவரிடம் இருந்தபடியால் அவரை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. கடைசியில் அவர் காரை நிறுத்திய இடம் ரைன் நதி அருவி. கூறைச் சேலைக்கு நிகரான சேலைகளோடு நாங்கள் இறங்கி நின்றோம். சாரல் அடித்தது. சீன நாட்டுப் பயணிகள் எங்களைப் படமெடுத்தார்கள்.

அண்ணை மெல்லமாகக் காரிலிருந்து எழும்பி வந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு அருவியைப் பார்த்தார்.

"இவ்வளவு காலம் சுவிஸிலை இருந்தும் நீங்கள் இதைப் பாக்கேல்லை. அதுதான் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்றார்.

தாலி கட்டி முடிந்து, பந்தி ஓடிக்கொண்டிருக்கும்போது மாலைகள் போய்ச் சேர்ந்தன. மச்சான் அன்றிலிருந்து அவரோடு கதைப்பதில்லை. அதற்கும் அண்ணையிடம் பதில் இருந்தது: மச்சானுக்கு இயற்கையில் ரசனை இல்லை.

இப்படியே சிரித்துக்கொண்டு போயிருக்கலாம், அவருக்கு ஒரு மகள் இல்லாவிட்டால்.

ஒரே மகள். லொசானில் படித்தாள், அங்கேயே வேலை எடுத்தாள். ஒரு நத்தார் விடுமுறைக்கு வந்தவள், தான் ஒருவரை விரும்புவதாகவும், அவர் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்வதாகவும், லொசானுக்குப் பக்கத்தில் ரெனானில் ஒன்றாக வீடு எடுக்கப் போவதாகவும் சொன்னாள். அண்ணை கேட்ட முதல் கேள்வி, எந்த ஊர். மட்டக்களப்பு என்றாள். அந்த நேரம் நானும் அக்காவோடு குசினியில் சமைத்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்டது எங்களுக்கும் கேட்டது.

"ஏன், யாழ்ப்பாணத்திலை பெடியள் முடிஞ்சு போச்சோ?"

"அப்பா, எனக்கு யாழ்ப்பாணமும் தெரியாது, மட்டக்களப்பும் தெரியாது. நான் வில் ஆஸ்பத்திரியிலை பிறந்தனான்" என்று அவள் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை.

அந்த வீட்டுப் படியில் தன் கால் படாது என்று அண்ணை சொன்னார். சொன்னதோடு விட்டிருக்கலாம். அந்த வாரமே கோயிலில் நாலு பேருக்கு நடுவிலும் சொன்னார். வேலை செய்யும் தொழிற்சாலையில், தமிழ் தெரியாத போர்த்துக்கல்காரனிடமும் சொன்னார். ஊரெல்லாம் சொன்ன பிறகு அந்த வார்த்தையை அவர் எங்கே கொண்டுபோய் வைப்பார். பதிவுத் திருமணத்துக்கு அக்கா மட்டும் ரயிலில் போய் வந்தார். அன்று அண்ணை வெளியே நின்று காரைக் கழுவினார். சுத்தமாக இருந்த காரை, காலையிலும் கழுவினார், பின்னேரமும் கழுவினார்.

மகள் பிள்ளைத்தாய்ச்சி ஆனாள். அக்கா தன் பங்குக்குச் சாமான் சேர்க்கத் தொடங்கினார். தொட்டில், ஓர் அலுமாரி, மா அரைக்கிற மெஷின், தன்னுடைய தையல் மெஷின், அரிசி மூட்டைகள். அறை நிறைந்தது. வாகனம் ஒன்றை வாடகைக்கு எடுத்து என்னையே ஓட்டச் சொல்லப் போவதாக ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அக்கா சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் காலை அண்ணை, தான் வருகிற சனிக்கிழமை பிரான்ஸுக்குப் போவதாகவும், போகிற வழியில் அந்தச் சாமான்களை மகள் வீட்டுத் தெருவில் இறக்கிவிட்டுப் போகலாம் என்றும் சொன்னாராம். பிரான்ஸில் அவர் ஓடும் தடத்துக்கு பாசல் வழியாகப் போகவேண்டும். ரெனான் வேறு திசையில், நாட்டின் மறு மூலையில் இருக்கிறது. அது யாருக்கும் தெரியாத விஷயமல்ல.

சனிக்கிழமை விடிய நாங்கள் ஏற்றினோம். ட்ரெய்லர் அடிவயிறு பதிந்து நின்றது. அதில் பந்தய ரயர் ஒன்றுகூட இல்லை. வைக்க இடமும் இல்லை. அண்ணை படங்கைக் கட்டிவிட்டு, தலைக்கவசத்தை மட்டும் மறக்காமல் பக்கத்து இருக்கையில் வைத்தார். அவர் முன்னால் போக, நானும் அக்காவும் என்னுடைய காரில் பின்னால் போனோம். சுவிஸை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை எண்பதில் கடந்தோம். பேர்ன் தாண்டியதும், அவர் படியில் ஏறுவாரோ என்று அக்கா என்னிடம் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். ஏறமாட்டார் என்று தானே சொல்லிவிட்டு, மறுபடி ட்ரெய்லரைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ரெனானில் மகளின் வீடு பிரதான வீதியிலிருந்து மேலே ஏறும் ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில் இருந்தது. இரண்டு பக்கமும் கார்கள் நின்றன. நான் கீழேயே நிறுத்திவிட்டேன். அண்ணை உள்ளே ஏறினார். வாசலில் மகள் நின்றுகொண்டு கை காட்டினாள். அவர் அவளைப் பார்த்தாரா, பார்க்காததுபோல் போனாரா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. வாசலைத் தாண்டிப் போய்விட்டார். ஒழுங்கையின் மேல் முனையில் வாகனம் போகாதபடி இரும்புத் தூண்கள் நட்டிருந்தார்கள். கார் அங்கே போய் நின்றது. முன்னுக்கு வழியில்லை. அந்த நேரம் பார்த்துக் கீழே குப்பை லொறி ஒன்று வந்து நின்று ஹோர்ன் அடித்தது. அதன் சாரதி தலையை வெளியே நீட்டிப் பிரெஞ்சில் ஏதோ சொன்னான். அண்ணைக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனால் அந்தக் குரல் எந்தப் பாஷையிலும் விளங்கும்.

அவர் இறங்கினார். வழக்கமாகச் செய்வதையே செய்தார். குனிந்து ட்ரெய்லரைக் காரிலிருந்து கழற்றினார்.

அந்த மாதிரிச் சின்ன ட்ரெய்லருக்குப் பிரேக் கிடையாது. சமதரையில், வெறும் ட்ரெய்லரைத் தள்ளிப் பழகியவர் அவர். இது ஏற்றம், உள்ளே ஓர் அலுமாரியும் இரண்டு மெஷினும் அரிசியும். கொக்கி கழன்ற கணத்திலேயே அது பின்னுக்கு உருளத் தொடங்கியது. அண்ணை முன் தண்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். அது அவரையும் இழுத்துக்கொண்டு இறங்கியது. அவருடைய சப்பாத்துத் தேயும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. கீழே, சரியாக அதன் பாதையில், மகள் வயிற்றைப் பிடித்தபடி நின்றாள். அக்காவும் நானும் மேலே ஓடினோம்.

எங்களுக்கு முன்னால் வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் வெளியே வந்தார். வீட்டு உடுப்பு, காலில் ஒன்றுமில்லை. ஓடிப்போய் ட்ரெய்லரின் பின்பக்கம் முதுகைக் கொடுத்து, எதிரே நின்ற காரின் சில்லில் ஒரு காலை ஊன்றினார். ட்ரெய்லர் நின்றது. அக்கா மகளை இழுத்துப் படியில் ஏற்றினார்.

மேலே மாமனார், கீழே மருமகன், நடுவில் பச்சைப் படங்கு. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியவில்லை. அவர்கள் அதுவரை சந்தித்ததும் இல்லை.

"மாமா, புடிச்சிருக்கிறீங்களா?" என்று கீழேயிருந்து கேட்டது.

"ஆர் மாமா?"

"நீங்கதான். புடிச்சிருக்கிறீங்களா, இல்லையா?"

லொறிக்காரன் ஹோர்ன் அடிப்பதை நிறுத்தியிருந்தான்.

"பிடிச்சிருக்கிறன்."

"அப்ப மெல்ல மெல்ல விடுங்க. நான் இங்கால தாங்குறன்."

"நீ விட்டிடாதை. பிள்ளை கீழை நிக்குது."

"தெரியும் மாமா. அவ என்ட பொஞ்சாதி."

நானும் ஒரு பக்கம் பிடித்தேன். பிடித்தேன் என்று பெயர். விடுங்க என்று அவர் சொல்ல அண்ணை விட்டார், புடிங்க என்று சொல்லப் பிடித்தார். வாழ்க்கையில் வேறு ஒருவர் சொல்கேட்டு அண்ணை எதையும் செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்படியே அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு வந்து, ட்ரெய்லர் வாசல் ஓரக் கல்லில் தட்டி நின்றது. எல்லாம் முடிந்த பிறகு லொறிக்காரன் ஒரு மரக்கட்டையைக் கொண்டுவந்து சில்லுக்குக் கீழே வைத்துவிட்டு, தானே காப்பாற்றியவன் போலக் கையைத் தட்டிக்கொண்டு போனான்.

அண்ணையின் உள்ளங்கைகள் இரண்டும் உரிந்திருந்தன. மகள் படியிலிருந்து இறங்கி வந்தாள்.

"கையைக் காட்டுங்கோ அப்பா."

அவர் காட்டவில்லை. மேலே வந்து கழுவச் சொன்னாள். அவர் படியைப் பார்த்தார், பிறகு நேரத்தைப் பார்த்தார், பிரான்ஸுக்குப் பிந்திவிட்டது என்றார். மருமகன் மேலே போய் மருந்தும் கட்டுத்துணியும் எடுத்துவந்தார். ஓரக் கல்லில் அண்ணையை இருத்தி, இரண்டு கையையும் துடைத்து, ஆஸ்பத்திரியில் கட்டுகிற ஒழுங்கோடு கட்டினார். அண்ணை கைகளைக் கொடுத்துவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பி வைத்திருந்தார், கைகள் வேறு யாருடையதோ போல. மருந்து எரிந்தபோது அண்ணையின் கால்விரல்கள் மட்டும் சப்பாத்துக்குள் மடங்குவது தெரிந்தது.

பிறகு எழும்பிக் காருக்குள் இறங்கினார். ட்ரெய்லர் இல்லாத காரை ஒரே இழுவையில் பின்னுக்கு எடுத்து, வெளியே வந்து, கண்ணாடியை இறக்கினார். ட்ரெய்லர் அங்கேயே நிற்கட்டும், திரும்பி வரும்போது எடுக்கிறேன் என்று என்னிடம் சொன்னார். மகளிடம் சொல்லவில்லை, ஆனால் மகளுக்குக் கேட்கும்படி சொன்னார்.

நானும் அக்காவும் இருட்டிய பிறகு வில்லுக்கு வந்தபோது மஞ்சள் கார் தன் இடத்தில் நின்றது. பிரான்ஸில் மழை, தடத்தை மூடிவிட்டார்கள் என்றார். கையில் கட்டு அப்படியே இருந்தது.

பேரப்பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. அடுத்த சனிக்கிழமை அண்ணை ட்ரெய்லர் எடுக்கப் போனார். ட்ரெய்லர் இல்லாமல் வந்தார். இரண்டு கிழமை விட்டு மறுபடி எடுக்கப் போனார். சில்லில் காற்றுப் போதாது என்று விட்டுவிட்டு வந்தார். ஒருமுறை பனி. ஒருமுறை படங்கு கிழிந்திருந்தது. படியில் ஏறினாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் திரும்பி வந்த அண்ணையின் தோளில் பால் கக்கிய கறை இருந்ததை நான் லிஃப்டில் கண்டேன். மருமகனை மருமகன் என்று அவர் சொன்னதில்லை. கோயிலில் யாராவது விசாரித்தால், "என்ரை ட்ரெய்லரை வைச்சிருக்கிற பெடியன்" என்பார்.

நானும் அக்காவும் ஒன்றாக வேலை செய்த இடத்தில் ஒருநாள், ட்ரெய்லர் எப்போது வீட்டுக்கு வரும் என்று அக்காவிடம் சிரித்துக்கொண்டு கேட்டேன். அக்கா சிரிக்கவில்லை. அதை அவரிடம் கேட்டுவிடாதே என்றார். "அது இஞ்சை வந்திட்டா, பிறகு என்ன சாட்டுச் சொல்லி அவர் அங்கை போறது?"

கடைசியாக ட்ரெய்லரின் இலக்கத் தகட்டு விளக்கு எரியவில்லை என்ற காரணம் வந்தது. அதுதான் நீண்டகாலம் நின்றது. விளக்கு எரியாமல் ரோட்டில் இழுத்தால் பொலிஸ் பிடிக்கும். யாரும் மறுத்துச் சொல்ல முடியாத காரணம். அதை வைத்துக்கொண்டு அண்ணை ஒரு மாரிகாலம் முழுவதும் போய் வந்தார். மருமகன் நல்ல மனிதர், விஷயம் விளங்காதவர். ஒருநாள் தானே ஒரு பல்ப் வாங்கிப் பூட்டி, விளக்கு எரிவதைப் படமெடுத்து அண்ணைக்கு அனுப்பிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை அண்ணை வேலை முடிந்து வந்து, உடுப்பும் மாற்றாமல் கதிரையில் இருந்தாராம். அக்கா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மருமகனுக்குப் போன் எடுத்தார்.

ஞாயிறு பின்னேரம் கார் நிறுத்துமிடத்தில் அண்ணையைக் கண்டேன். அப்போதுதான் ரெனானிலிருந்து வந்து இறங்கியிருந்தார். பின்னால் ட்ரெய்லர் இல்லை. முகம் மலர்ந்திருந்தது.

"என்ன அண்ணை, கொண்டுவரேல்லையோ?" என்று நான் கேட்டேன்.

"எங்கை கொண்டுவாறது? நேற்றுப் பின்னேரம் போய்ப் பாத்தன், விளக்கு திரும்பவும் செத்துப்போய்க் கிடக்குது" என்றார். தலைக்கவசத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். "நானும் பாக்கிறன் தங்கச்சி, இந்த மட்டக்களப்பாருக்கு ஒரு பல்ப் ஒழுங்காப் பூட்டத் தெரியாது."